கண்ணு மேஸ்திரியின் சுருக்குப் பை

என் இடது கண்ணின் கருவிழியில், நடுவுக்குச் சற்றுக் கீழே, கடுகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. பிறவியில் வந்ததல்ல. அம்மை போட்டு வந்ததும் அல்ல. ராயபுரத்தில் ஒரு மனிதர் எனக்குச் செய்த உபகாரத்தால் வந்தது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் எதிரே இருப்பவரின் முகம் எண்ணெய்க் காகிதத்துக்கு அப்பால் இருப்பதுபோலத் தெரியும். வலது கண் நன்றாக இருப்பதால் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் இப்போது வயசாகிவிட்டது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்மேல் உள்ள மரியாதையால் அல்ல. அவருடைய பேரன் பேத்திகள் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். பட்டறையிலும் அவரை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணு மேஸ்திரி என்றால் போதும், துறைமுகத்தின் வடக்கு வாசலிலிருந்து காலடிப்பேட்டை வரைக்கும் தெரியும்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். கப்பல்களுக்கும் கொதிகலன்களுக்கும் பழுது பார்க்கிற ஒரு இரும்புப் பட்டறையில் எனக்கு லேத்து வேலை. அங்கே உளியால் துருவைக் கொத்துகிறவர்கள் ஒரு பக்கம், சாணைச் சக்கரம் ஒரு பக்கம், லேத்துகள் ஒரு பக்கம். நாள் ஒன்றுக்கு யாராவது ஒருவன் கண்ணில் இரும்புத் தூள் விழாமல் இருக்காது. விழுந்தால் டாக்டரிடம் போவது பட்டறை வழக்கமல்ல. கேட்டைத் தாண்டினால் அரை நாள் போச்சு. தவிர, கண்ணில் தூசி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவனை யாரும் ஆம்பிளையாக மதிக்கமாட்டார்கள். கடல் பக்கத்து வாசலில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் ஒரு பழைய ஆணிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கும். அதில் போய் உட்கார்ந்து, ‘மேஸ்திரி!’ என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அவர் வருவார்.

வருவார் என்றால் ஓடிவந்துவிடமாட்டார். கையில் இருக்கிற வேலையை மெதுவாகக் கீழே வைப்பார். மீசையை இரண்டு பக்கமும் தடவிக்கொள்வார். அந்த மீசையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இடுப்பில் செருகியிருக்கிற வெற்றிலைச் சுருக்குப் பையைத் திறந்து, அதிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுப்பார். உள்ளே ஒரு குதிரை மயிர். ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போய், வெள்ளைக் குதிரையின் வாலிலிருந்து தானே பிடுங்கி, சீயக்காய் போட்டுக் கழுவி வைத்திருப்பது. அதை இரண்டாக மடித்து, நுனியில் அரிசி நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் வருகிற மாதிரி பிடித்துக்கொள்வார். தீக்குச்சியை இமைமேல் வைத்து இமையைச் சுருட்டி மேலே தூக்குவார்.

“அசையாத. எம் மூஞ்சிய பாக்காத, கடல பாரு. கப்பல் கீது பாரு, அத்த பாரு.”

நாம் கப்பலைப் பார்த்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். தன் கட்டைவிரல் நகத்தின்மேல் அந்தத் தூளை வைத்துக் காட்டுவார்.

“பாத்தியா? இம்மாந்துண்டு கீது, இதுக்குப் போயி அய்வுறான்.”

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். உட்கார்ந்திருப்பவனும் கண்ணீரோடு சிரிப்பான். மறுநாள் அவன் ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்து தருவான். மேஸ்திரி அதை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி வாங்கிக்கொள்வார்.

முதல் சில வருஷங்கள் அந்தக் கைத்திறமை அவரிடம் நிஜமாகவே இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. என் கண்ணிலிருந்தே இரண்டு தடவை சுத்தமாக எடுத்திருக்கிறார். ஆனால் மனிதனுக்கு நாற்பது வருகிறது, நாற்பத்தைந்து வருகிறது. எல்லாருக்கும் வருகிறது. தனக்கு மட்டும் வராது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதில் பாதியைத் தொழிலில் பட்டிருந்தால் போர்மேனாகப் போயிருக்கலாம்.

நாவிதர் கடையில் பத்திரிகை வரும். மேஸ்திரி அதை எடுத்துக் கையை நீட்டுவார். இன்னும் நீட்டுவார். கைக்கு அளவு தீர்ந்துவிடும். பிறகு தலையைப் பின்னால் சாய்ப்பார். அதற்கும் மேல் போக வழியில்லாமல், “இன்னா மை போட்றானுங்கோ? கலீஜ் பண்ணி வச்சிக்கிறானுங்கோ” என்று அச்சுக்காரனைத் திட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவார். “நீ பட்ரா, உனக்குப் படிக்கத் தெரியுதான்னு பாப்போம்.” அவன் படிப்பான். நடுநடுவே, “உம், சரியாத்தான் படிக்கிற” என்பார்.

பட்டறையிலும் இதே தந்திரம்தான். இரும்பு அடிக்கோலை வேலைமேல் வைப்பார். அதன் கோடுகள் அவருக்கு ஒரே சாம்பல் பூச்சாகத் தெரிந்திருக்க வேண்டும். உடனே என் பக்கம் திரும்புவார்.

“சொல்றா பாக்கலாம். எத்தினி நூலு?”

“அஞ்சு அங்குலம் மூணு நூலு, மேஸ்திரி.”

“நல்லா பாத்து சொல்லு.”

“மூணு நூலுதான் மேஸ்திரி.”

“ஆங். அத்த கொண்டாந்து வெய்யி.”

என்னைப் பரீட்சை பண்ணுகிறார் என்று நான் நினைத்தேன். மற்றவர்களைவிட என்னை அதிகம் கேட்கிறார் என்று பெருமைகூடப் பட்டேன். வீட்டில் போய் என் மனைவியிடம் சொன்னேன், அவளும் சந்தோஷப்பட்டாள். இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அவருடைய பெருமைக்கெல்லாம் பெருமை தூரப் பார்வை. சாயங்காலம் வேலை விட்டதும் கடற்கரைக் கல்லின்மேல் ஏறி நின்றுகொள்வார். நாங்கள் கீழே. கடல் முடிகிற இடத்தில் ஒரு புகைக்கோடு தெரியும். எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். அவருக்குக் கப்பலில் எத்தனை குழாய், குழாயில் என்ன வர்ணப் பட்டை, எல்லாம் தெரியும்.

“ரெண்டு கொழா. சேப்புப் பட்ட. ரங்கோன் கப்பலு. காலீல உள்ள வந்து நிக்குதா இல்லியா பாரு.”

காலையில் பார்த்தால் அதே கப்பல் நின்றுகொண்டிருக்கும். இவ்வளவு தூரம் தெரிகிற கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பது தெரியாது என்று யாருக்காவது தோன்றுமா? எங்களுக்குத் தோன்றவில்லை. எண்ணூர்ப் பக்கம் போகிற தோணி தெரிகிறவருக்கு என் கண்ணில் இருக்கும் தூள் தெரியாதா என்று நினைத்தோம். தூரம் தெரிவது வேறு, கிட்டே தெரிவது வேறு. ஒன்று அப்படியே இருக்க மற்றொன்று மட்டும் போய்விடும் என்பது பட்டறையில் ஒருவனுக்கும் தெரியாது. நான் உட்பட நாற்பது முட்டாள்கள்.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். வாசலில் வருகைப் பதிவு போடுகிற நேரக் குமாஸ்தா. அவர் வெள்ளி விளிம்பு வைத்த கண்ணாடி போடுவார். அது போதாதா மேஸ்திரிக்கு? “நாலு கண்ணு வர்து, வழி உடுங்கடா” என்பார். கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும், பிறகு சோற்றுப் பருக்கையைத் தேடுவதற்குக்கூட அது வேண்டியிருக்கும் என்று பிரசங்கம் செய்வார். குமாஸ்தா கோபித்துக்கொள்ளமாட்டார்.

“மேஸ்திரி, இதுக்குப் பேரு சாளேஸ்வரம், வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா ராஜாவுக்கும் வரும். உங்களுக்கு வரலைன்னா, நீங்க இன்னும் நாப்பது தாண்டலைன்னு அர்த்தம். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணியாச்சு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்பார்.

அவருடைய ஒரே பெண்ணுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை எங்கள் பட்டறையிலேயே துரு கொத்துகிற பையன்களில் ஒருவன், நல்ல மாதிரி. அந்தக் கல்யாணத்திலும் மேஸ்திரியின் கண் ஒரு கூத்துப் பண்ணியது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்தில் முள்ளுவாளைக் குழம்பு. அந்த மீனில் உள்ள முள் தலைமயிர் கனத்தில்தான் இருக்கும். மேஸ்திரி இலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, முள்ளுவாளை உடம்புக்குச் சூடு, நம் பக்கத்தில் அதை மனிதர்கள் சாப்பிடுவதில்லை என்று சொல்லி இலையை மூடிவிட்டார். சம்பந்தி முகம் சுருங்கிப்போயிற்று. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர் மீன் முள்ளுக்குப் பயந்து விருந்தைக் கெடுத்தார் என்று வெளியே தெரியக் கூடாதே, அதனால் மீனின்மேல் பழி போட்டார். அதற்குப் பிறகு, மாப்பிள்ளை வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன செய்வது என்று, அவர் வீட்டில் சுறாவைத் தவிர வேறு மீன் நுழையவில்லை. சுறாவில் குத்துகிற முள் கிடையாது. மாதக்கணக்காக அதையே ஆக்கி ஆக்கி, தன் கையிலேயே சுறா வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது என்று அவர் மனைவி தெருக்குழாயில் எல்லாரிடமும் சொல்லுவாள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகவே இருந்திருக்கும், அந்த மனிதர் குதிரை மயிரையும் பத்திரிகையைப் போலவே பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிட்டிருந்தால். அதை மட்டும் அவர் விடவில்லை. எப்படிச் சமாளித்தார் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கண்ணில் விழுகிற தூள் பத்தில் எட்டுத் தடவை கண்ணீரிலேயே வந்துவிடும். இமையைச் சுருட்டியதும் கண்ணீர் கொட்டும், தூள் போய்விடும், உட்கார்ந்தவனுக்குச் சுகமாகிவிடும். மேஸ்திரியின் நகத்தில்தான் எப்போதும் ஏதாவது கரும் துணுக்கு இருக்குமே. இரும்புப் பட்டறைக்காரனின் நகத்தில் வேறு என்ன இருக்கும்? இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது புகையிலைத் தூள்.

என்னுடையது எட்டில் சேரவில்லை. மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். ஒரு எஃகுத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தேன். சுள்ளென்று இடது கண்ணில் விழுந்தது. பெட்டியில் போய் உட்கார்ந்து குரல் கொடுத்தேன். எதிரே கடல், அதன்மேல் வெயில், கண் கூசுகிற வெளிச்சம். மேஸ்திரி குனிந்தார். நிமிர்ந்தார்.

“வெளிச்சம் பத்தல” என்றார்.

அந்த வெயிலில் வெளிச்சம் பத்தவில்லையாம். பெட்டியைத் திருப்பிப் போடச் சொன்னார், உட்கார்ந்தேன். இன்னொரு பக்கம் திருப்பச் சொன்னார், உட்கார்ந்தேன். பிறகு மயிரை விட்டார். வழக்கமாக ஒரு தடவை தொடுகிற மயிர் அன்று எத்தனை தடவை தொட்டது என்று எனக்குக் கணக்கு இல்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. நடுவில் தீக்குச்சியின் முனையும் பட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கப்பலைப் பார்த்தேன்.

“தல ஆட்டாத, கய்தே. தோ, தோ, மாட்டிக்கிச்சி.”

நகத்தைக் காட்டினார். என்னவோ கறுப்பாக இருந்தது.

“எட்த்தாச்சி. போ. ரெண்டு நாளைக்கு உறுத்தும். அது உள்ள இருக்கற உறுத்தல் இல்ல, இருந்த எடத்து உறுத்தல்.”

இருந்த இடத்து உறுத்தல்! என்ன அழகான வார்த்தை. இரண்டு நாள் அந்த வார்த்தையை நம்பிப் படுத்துக் கிடந்தேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டாள் என் மனைவி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றும் அவள்தான் சொன்னாள். மேஸ்திரி எடுத்துவிட்டார், உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் மேஸ்திரியிடமே மறுபடியும் போனேன். அவர் மறுபடியும் பெட்டியைத் திருப்பினார், மறுபடியும் மயிரை விட்டார், மறுபடியும் நகத்தைக் காட்டினார். ஒரு தூளை ஒரே கண்ணிலிருந்து இரண்டு தடவை எடுத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஐந்தாம் நாள் கண் வீங்கி மூடிக்கொண்டது. கேட்டில் நேரக் குமாஸ்தா என் மோவாயைப் பிடித்து நிறுத்தி, தன் கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு, இமையை லேசாகத் திறந்து பார்த்தார்.

“அட பாவி! உள்ளயே இருக்குடா. கறுப்பா தெரியுது. சுத்தி துரு வேற. யாரு எடுத்தாச்சின்னு சொன்னது?”

டிராம் ஏற்றி அனுப்பினார். கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏதோ சொட்டு மருந்து விட்டு, ஒரு ஊசி முனையால் தொட்டார். அவ்வளவுதான். வலிக்கவே இல்லை.

“தூளை எடுக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. அதைச் சுத்தி யாரய்யா இப்படி உழுது வச்சது? புண் அதனால வந்தது. ஆறும். ஆனா தழும்பு போகாது” என்றார்.

தழும்பு போகவில்லை. தெளிவான பார்வை போய்விட்டது. லேத்தில் எஃகு வெட்டுகிறவனுக்கு இரண்டு கண்ணும் வேண்டும், கத்தி எவ்வளவு ஆழத்தில் இறங்குகிறது என்பது ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு வேலையைப் பாழாக்கினேன். பட்டறைத் துரை என்னை லேத்திலிருந்து எடுத்து, சாமான் அறையில் உளியும் அரமும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போட்டுவிட்டார். பதினோரு வருஷம் கற்றுக்கொண்ட தொழில். என் லேத்தின் முன்னால் வேறொருவன் நிற்பதைச் சாமான் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அழுகைதான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். சண்டை போட அல்ல. நம்புங்கள், எனக்கு அப்போதுகூட அவர்மேல் கோபம் இல்லை. எல்லாருக்கும் எடுக்கிறவர், எனக்குத் தவறிவிட்டது, என் தலைவிதி என்றுதான் நினைத்திருந்தேன். துரையிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்வாரா என்று கேட்கப் போனேன். கதவு திறந்திருந்தது.

மேஸ்திரி முற்றத்தில், வெயில் விழுகிற இடத்தில், சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கின்மேல் பித்தளைக் கம்பி போட்ட மூக்குக் கண்ணாடி. கையில் ஒரு முள்வாங்கி. மீசையிலிருந்து நரைமயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு நிதானம், எவ்வளவு துல்லியம்! கறுப்பை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் அடியோடு பிடித்து, ஒரே இழுப்பு. பக்கத்தில் ஒரு வெற்றிலையின்மேல் அவற்றை வரிசையாக வேறு வைத்திருந்தார்.

நான் நின்று பார்த்தேன். மீசை மயிருக்குக் கண்ணாடி உண்டு. என் கண்ணுக்கு இல்லை. அவ்வளவு நாள் வராத கோபம் அப்போது வந்தது.

என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றி எங்கே வைத்தார் தெரியுமா? இடுப்பில் இருந்த வெற்றிலைச் சுருக்குப் பையில். குதிரை மயிர் இருக்கிற அதே பை.

“வாடா நைனா. குந்து. கண்ணு இன்னாமா கீது?”

“மேஸ்திரி, கண்ணாடி போட்டிருந்தீங்க.”

“இன்னா கண்ணாடி?”

உள்ளேயிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள். அவள் என் கண்ணைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னா கண்ணாடியா? தம்பி கண்ணெதிர்ல பொய் சொல்ற பாரு” என்றாள் அவரிடம். பிறகு என்னிடம் சொன்னாள்: “மூணு வருசமா வச்சிகினு கீறாரு தம்பி. இங்க வாங்கினா தெரிஞ்சிடும்னு யானைக்கவுனிக்கு நடந்தே போயி வாங்கினாரு. அங்க ஒருத்தன் பாயி விரிச்சி விக்கிறானாம். படிக்கத் தெரியாதவங்களுக்கு அரிசித் தட்டு குடுத்து கல்லு பொறுக்கச் சொல்லி, எந்தக் கண்ணாடில கல்லு தெரியுதோ அத்த குடுப்பானாம். எய்தப் படிக்கத் தெரிஞ்ச இந்த மனுசன் அங்க போயி குந்தி கல்லு பொறுக்கிட்டு வந்துக்கிறாரு. என்னைக்காவது வூட்ல எனக்கு ஒரு பிடி பொறுக்கித் தந்துக்கிறாரா கேளு.”

“நீ உள்ள போம்மே” என்றார் மேஸ்திரி.

மூன்று வருஷம். அப்படியானால் நான் பெட்டியில் உட்கார்ந்த அன்று அது அவர் இடுப்பில் இருந்திருக்கிறது. பையைத் திறந்து மயிரை எடுத்த விரல்கள் கண்ணாடியைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கின்றன.

“அன்னைக்கு அதைப் போட்டுக்கிட்டு எடுத்திருக்கலாமே மேஸ்திரி” என்றேன்.

அவர் மீசையைத் தடவினார்.

“நாலு பேரு முன்னாடி இத்த மாட்டிகினேன்னு வெய்யி. மேஸ்திரிக்கே கண்ணு பூட்ச்சின்னு சொல்லிடுவானுங்கோ. அப்பால எவன் எங்கிட்ட கண்ண காட்டுவான்?”

“காட்டாம போகட்டும். டாக்டர்கிட்ட போவாங்க.”

“அப்ப நானு?” என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் ஒரு நிமிஷம் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. உடனே அவரே அதையும் கெடுத்துக்கொண்டார். “உங்கண்ணுல ஒண்ணும் இல்லடா, நீயா நெனச்சிக்கிற. கிட்ட வா பாக்கலாம்” என்று என் முகத்தைத் தன் மூக்கு வரைக்கும் இழுத்தார். அவ்வளவு கிட்டத்தில் என் முகமே அவருக்கு ஒரு மூட்டமாகத்தான் தெரிந்திருக்கும். கண்ணாடி இடுப்பில். “சுத்தமா கீது” என்று தீர்ப்புச் சொன்னார். நான் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பட்டறையில் எல்லாரிடமும் சொன்னேன். ஒருவன்கூட நம்பவில்லை. மேஸ்திரியாவது, கண்ணாடியாவது! ரங்கோன் கப்பலின் பட்டையைச் சொல்கிறவருக்குக் கண்ணாடி எதற்கு? கண் போன வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்றார்கள். ‘ஒத்தக் கண்ணு’ என்று எனக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அதை வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். சாமான் அறையில் இருந்தேன். கடல் பக்கத்து வாசலில் ஒரு குரல் கேட்டது. ‘மேஸ்திரி’ என்று அல்ல, ‘மாமா’ என்று. போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளைப் பையன் பெட்டியில் உட்கார்ந்திருந்தான், ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர்.

“தம்பி, எழுந்திரு. டிராமுக்குப் போகலாம். அந்தப் பெட்டியில உட்காராத” என்றேன்.

“எங்க மாமா கீறாரு இல்ல? உனுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு?” என்றான் பையன். கூட்டம் சிரித்தது. “ஒத்தக் கண்ணு, தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற” என்றான் ஒருவன்.

மேஸ்திரி வந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து, மயிரை மடித்துப் பிடித்தார். தீக்குச்சியை வைத்து இமையைச் சுருட்டினார். குனிந்தார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மயிரின் நுனி பையனின் கண்ணுக்கு எதிரே வந்து, அங்கேயே நின்றது. தொடவில்லை. நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். மறுபடி நின்றது.

“வெளிச்சம் பத்தல” என்றார். குரலில் பலம் இல்லை.

யாரோ பெட்டியைத் திருப்ப வந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பையன் முகத்தைப் பார்த்தார், நெற்றியில் கல்யாணத்துக்கு அப்புறம் வைக்கத் தொடங்கிய சந்தனப் பொட்டு வியர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. மேஸ்திரியின் கை இடுப்புக்குப் போயிற்று. சுருக்குப் பைக்குள் நுழைந்தது.

பித்தளைக் கம்பியை ஒரு காதில் மாட்டி, இன்னொரு காதில் மாட்டினார். கூட்டத்தில் எவனோ, “அய்ய” என்றான். மேஸ்திரி குனிந்தார். ஒரே ஒரு தடவை மயிரால் தொட்டார். தூளைக் கட்டைவிரல் நகத்தில் எடுத்துக்கொண்டார். அதில் நிஜமான இரும்புத் தூள், வெயிலில் மின்னியது.

அவர் அதை யாருக்கும் காட்டவில்லை. பையன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்து, “பூட்ச்சி மாமா, சுத்தமா பூட்ச்சி” என்று சிரித்தான். என் கண்ணுக்கு இடுப்பிலேயே கிடந்த கண்ணாடி மகளின் புருஷன் கண்ணுக்கு வெளியே வந்துவிட்டது. அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

கண்ணாடியைக் கழற்ற மறந்து அவர் தலையைத் தூக்கினார். நான் எதிரே ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தேன். அவர் பார்வை என் முகத்தில் விழுந்து, இடது கண்ணின் வெள்ளைப் புள்ளிக்கு வந்து, அங்கே நின்றுவிட்டது. வாய் திறந்தது. கட்டைவிரலில் இருந்த தூள் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

“கிட்ட வா” என்றார். அன்று முற்றத்தில் சொன்ன அதே வார்த்தைதான், ஆனால் இப்போது கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது.

போனேன். நன்றாகப் பார்க்கட்டும் என்று கண்ணை இமைக்காமல் நின்றேன்.